பட்டறைச் சுவரில் ஒரு சக்கரம்

நீங்கள் பெண்டாங் பக்கம் வந்திருக்கிறீர்களா? அலோர்ஸ்டாரிலிருந்து தெற்கே வந்தால் இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்தான். உள்ளே போகப் போக நிலம் மெல்ல மேடு தட்டும். ரப்பர் மரங்கள் தொடங்கும். வயலும் தோட்டமும் கை கோத்துக்கொள்ளும் அந்த இடத்தில், சாலையோரமாக, தகரக் கூரை போட்ட ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. அது என் தாய்மாமனுடையது. இப்போது வேலையெல்லாம் அவர் மகன்தான் பார்க்கிறான். மாமாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். யாருடைய மோட்டார் சைக்கிள் எப்படி இருமுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

அந்தப் பட்டறைச் சுவரில், சாமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் உடைந்த சக்கரம் தொங்குகிறது. சின்னச் சக்கரம், டயர் கிடையாது, வெறும் இரும்பு. நடுப்பகுதி கிழிந்து போயிருக்கும். நான் சிறுமியாக இருந்த காலந்தொட்டு அதைப் பார்த்து வருகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள், “இது ரேஸ் காரு சக்கரமா அண்ணே? பரிசாக் குடுத்தாங்களா?” என்று கேட்பார்கள். மாமா ‘ம்’ என்பார். அவ்வளவுதான். நாங்களும் அதைப் பரிசு என்றே நம்பிக்கொண்டிருந்தோம். பள்ளியில் தோழிகளிடம் நான் அளந்த அளப்பு கொஞ்சமா!

சென்ற தீபாவளிக்கு நான் சுங்கை பட்டாணியிலிருந்து போயிருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். “பேரு போடாம எழுது புள்ள” என்றார். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. ஊர் உலகம் அறிந்தவர்கள் பெயர் மட்டும் வரும்.

மாமா பிறந்தது 1950-ல், பெண்டாங்கை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில். தாயை இழந்த பிள்ளை. என் அம்மாதான் அக்காவுக்கு அக்கா, தாய்க்குத் தாய். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் அம்மாவோடு தீம்பாருக்குப் போகத் தொடங்கினார். விடியுமுன் பெரட்டு, பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு ஓட்டம். குளிர்ச்சி இருக்கும்போதுதானே பால் நன்றாக ஊறும்? உளி பிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையைச் சீவ வேண்டும். உள்ளே காயம் படக்கூடாது. காகிதக் கனம் கூடினால் மண்டோர் மரத்தில் குறி போட்டுவிடுவார். அந்தக் கனத்தை விரல் நுனியாலேயே உணர்கிற பழக்கம் மாமாவுக்குப் பன்னிரண்டு வயதில் வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஒரு நாள் பால் நிறுக்கிற கொட்டகையில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாராம். தராசு ஒரு கணக்குக் காட்டியது; புத்தகத்தில் ஏறிய கணக்கு அதைவிடக் குறைவு. விவரம் புரியாத பையன், நாலு பேர் காதில் விழ, “அக்கா, தராசுல கூட இருக்கு, கொறச்சு எழுதுறாங்க” என்று சொல்லிவிட்டார். கொட்டகை முழுக்க அமைதியாகிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் பெரட்டில் அம்மாவின் நிரை மாற்றப்பட்டது. லயத்துக்குப் பக்கத்திலிருந்த சமவெளி நிரை போய், கடைசி மேட்டு நிரை! காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டிலிருந்து இறங்கி வரவேண்டும். அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேனாம். மூன்று மாதம் அந்த மேட்டில்தான். வாய் இருக்கிறது என்பதற்காகப் பேசிவிடக் கூடாது என்று மாமா அன்று கற்றுக்கொண்டார்.

நிற்க.

தோட்டத்து லாரிக்குக் கிளீனராகச் சேர்ந்து, டிரைவரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் கற்று, பத்தொன்பதாவது வயதில் குரூணில் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனார் மாமா. அங்கே ஒரு சீனர் பட்டறையில் வேலை. அந்தப் பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளர். பணக்கார முதலாளி ஒருவரின் மகன். அவருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். பட்டறையின் தலைமை மெக்கானிக்குக்கும் அதே பைத்தியம். இரண்டு பைத்தியங்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி ஒன்று உருவானது. ஓட்டுவதற்கு முதலாளி மகன், காரைக் கவனிக்கத் தலைமை மெக்கானிக், நேரம் பார்க்க ஒரு மலாய்க் குமாஸ்தா, எடுபிடிக்கு எங்கள் மாமா. சம்பளம் கிடையாது. பெட்ரோல் செலவும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும்தான் கூலி.

“சம்பளமில்லாம ஞாயித்துக்கிழமையும் வேலையா? நாம என்ன தலையெழுத்துக்குத் தோட்டத்தை விட்டுப் போனோம்?” என்று அம்மா சண்டை பிடித்தது எனக்கே மங்கலாக நினைவிருக்கிறது. “காரை ஓட்டுறவன் பேரு பேப்பர்ல வருது. உன் பேரு எதுலடா வருது?” என்பார். மாமா சிரித்துக்கொண்டே நகத்திலிருக்கும் கரியைச் சுரண்டுவார்.

அப்போது பத்து தீகாவில் பந்தயப் பாதை திறந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1968-ல் திறக்கப்பட்டது அது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலம்; ஷா ஆலாம் நகரமே பிறகு அந்தத் தோட்டங்களின் மீதுதான் எழுந்தது. ‘பத்து தீகா’ என்றால் மூன்றாம் கட்டை. பெயரைக் கேட்டதும் ஏதோ தோட்டத்துக்குப் போகிற வழி என்றுதான் மாமா நினைத்தாராம். போய்ப் பார்த்தால், அம்மாடி! சத்தம் நெஞ்சுக்குள் இடித்ததாம். அதைவிட அவரைத் திகைக்க வைத்தது வாசனை.

என்ன வாசனை தெரியுமா? விளக்கெண்ணெய்! சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கும் சில பந்தயக் கார்களுக்கும் ஆமணக்கெண்ணெயில் செய்த கேஸ்ட்ரால் ஆர் என்ற எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். கடும் சூட்டிலும் அது இரும்பை விட்டு விலகாது. கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். வயிறு சுத்தம் செய்வதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே சாமான், பணக்காரர்களின் காரில் புகைந்து மணந்ததாம். தீபாவளிக்கு மாமா வீட்டுக்கு வரும்போது அவருடைய சட்டைப் பெட்டியைத் திறந்தால் அந்த வாசனை வரும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிவோம்.

அவர்களுடைய கார் மினி கூப்பர். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், தீப்பெட்டி மாதிரி குட்டிக் கார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி வென்றது. அதன் எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். இழுப்பது, திரும்புவது, எஞ்சின் பாரத்தைச் சுமப்பது என்று எல்லா வேலையும் முன் சக்கரங்களுக்கே. பின் சக்கரங்கள் சும்மா கூடவே ஓடி வரும். ‘நம்ம வீட்டுப் பொம்பளைங்களும் ஆம்பளைங்களும் மாதிரி’ என்று மாமா சொல்வதை இங்கே போடலாமா என்று யோசித்தேன், போட்டுவிட்டேன்.

சக்கரம் பத்தே அங்குலம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நட்டு. மாமாவின் வேலை சக்கரமும் டயரும். மண்ணெண்ணெயில் சக்கரத்தைக் கழுவ வேண்டும். காற்றளவு பார்க்க வேண்டும். டயர் சூடேறினால் உள்ளே காற்றின் அழுத்தமும் ஏறும். ஆகையால் ஓடுமுன் ஒரு கணக்கு, ஓடி வந்ததும் ஒரு கணக்கு. எல்லாவற்றையும் சாக்கட்டியால் டயர் மேலேயே எழுதி வைப்பார். நட்டை முறுக்குவதிலும் ஒரு முறை உண்டு. பக்கத்துப் பக்கத்து நட்டை முறுக்கக் கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது. அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும்.

“நம்ம வெட்டின பாலுதானே இந்த டயரு?” என்று மாமா பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாராம். டன்லப் கம்பெனிக்கு மலாயாவில் சொந்த ரப்பர் தோட்டங்களே இருந்தன அல்லவா? ஆனால் பந்தய டயரின் மேல் தோலில் பெரும்பாலும் இரசாயன ரப்பர்தான் இருக்கும். தரையைக் கவ்விப் பிடிக்க அதுதான் தோது. நம் மரத்துப் பால் அதிகமாகப் போவது லாரி டயருக்கும் ஆகாய விமான டயருக்கும். பாரத்தையும் சூட்டையும் தாங்குவதில் அதற்கு ஈடு இல்லை. இதைத் தலைமை மெக்கானிக் விளக்கியபோது மாமாவின் முகம் வாடிவிட்டதாம். பிறகு, “போகட்டும், ஏரோப்ளேன் எறங்குறது நம்ம பாலு மேலதானே” என்று தேற்றிக்கொண்டாராம்.

அந்த நாட்களில் அங்கே பார்த்தவர்களைப் பற்றிக் கேட்டால் மாமா நிறுத்தமாட்டார். ஹாங்காங்கிலிருந்து வரும் ஜான் மெக்டொனால்ட். 1965, 1972, 1973, 1975 என்று மக்காவ் பந்தயத்தை நான்கு முறை வென்றவர், மோட்டார் சைக்கிளிலும் அங்கே ஒரு முறை வென்றவர். எல்லாரையும்விட மாமாவின் கண்ணுக்குப் பட்டவர் நம் நாட்டு சன்னி ராஜா. நீண்ட முடி, தொங்கு மீசை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தொடங்கி, காருக்கு மாறி, பிறகு 1970-களில் இங்கிலாந்துக்கே போய் ஃபார்முலா 3 பந்தயங்களில் ஓட்டியவர். “ஒலிபெருக்கியில ராஜான்னு பேரைச் சொன்னதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு புள்ள. அவரு எனக்கு மாமனா மச்சானா? ஆனா அந்தப் பேரு!” என்று இப்போதும் சொல்கிறார்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன்.

1972-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் பயிற்சி ஓட்டம். தலைமை மெக்கானிக் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். மாமா மண்ணெண்ணெய்த் தொட்டியில் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சக்கரத்தைத் துடைக்கும்போது, நட்டுத் துளை ஒன்றிலிருந்து அடுத்த துளையை நோக்கி மயிரிழை போல் ஒரு கோடு. அழுக்கா என்று துடைத்தார். போகவில்லை. கட்டை விரல் நகத்தால் குறுக்கே இழுத்தார். நகம் தடுக்கியது.

வேறு யாராக இருந்தாலும் கண்டிருக்கமாட்டார்கள். பட்டையின் கனத்தை விரலால் அளந்த கையல்லவா? அது விரிசல் என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது.

தலைமை மெக்கானிக்கின் அருகே போய் நின்றாராம். அவர் நிமிர்ந்து பார்க்காமல், “என்ன?” என்று மலாயில் கேட்டார். முதலாளி மகனும் அங்கேதான் இருந்தார், ஏதோ உதிரிச் சாமானுக்கு ஆன செலவைப் பற்றிக் கடுகடுத்துக்கொண்டு. புதுச் சக்கரம் வாங்கு என்று நேற்று வந்த தோட்டத்துப் பையன் சொல்வதா? மாமாவுக்கு அந்த நேரத்தில் பால் கொட்டகைதான் கண்ணில் வந்ததாம். எல்லாரும் வாயடைத்து நின்றது, மறுநாள் அக்கா வாளியோடு மேட்டில் ஏறியது.

“தாக் அடா” என்று சொல்லிவிட்டாராம். ஒன்றுமில்லை!

வாசகர்களே, அதோடு விட்டிருந்தாலும் ஒரு கணக்கு. மனசு கேட்காமல் மாமா ஒரு காரியம் செய்தார். மறுநாள் சக்கரம் மாட்டும்போது அந்தச் சக்கரத்தைப் பின்னால், இடது பக்கம் மாட்டினார். பாரமெல்லாம் முன்னால்தானே, பின்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு தைரியம். “பாதி உண்மை பேசுன மாதிரின்னு வச்சுக்கோயேன்” என்றார் என்னிடம்.

காலையில் முதல் ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. கார் உள்ளே வந்தது. தலைமை மெக்கானிக் டயர்களைத் தடவிப் பார்த்தார். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. பின்னவை புதிது போல இருந்தன. இப்படிப்பட்ட காரில் அது வழக்கம்தான். “முன்னதைப் பின்னால போடு, பின்னதை முன்னால போடு” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதப் போய்விட்டார்.

“அப்பவாச்சும் நான் வாயத் தொறந்திருக்கணும்,” என்றார் மாமா. “தொறக்கல. என் கையால, இந்தக் கையாலதான், அந்தச் சக்கரத்தை முன்னுக்கு மாட்டுனேன். நாலு நட்டையும் எதிர் எதிரா முறுக்குனேன். ரொம்ப ஒழுங்கா முறுக்குனேன் புள்ள.”

இதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். வெளியே பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணீர் கலந்துகொண்டு வந்தேன்.

நான்காவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, சத்தம் நின்றது. பந்தய மைதானத்தில் ஒரு காரின் சத்தம் திடீரென்று நின்றால், காத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பயங்கரம் வேறில்லை என்பார் மாமா. மலாய்க் குமாஸ்தா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாராம். கார் வரவேண்டிய நேரம் தாண்டியது. பிறகு யாரோ மஞ்சள் கொடியைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள்.

வளைவில் முன் சக்கரம் நடுவில் கிழிந்து பிய்ந்துவிட்டது. கார் மண்மேட்டில் மோதி உருண்டிருக்கிறது. ஓட்டியவர் உயிர் பிழைத்தார். ஒரு காலும் தோள் எலும்பும் முறிந்தன. ஆம்புலன்ஸ் போன பிறகு தலைமை மெக்கானிக் புல்லில் கிடந்த சக்கரத்தைத் தேடி எடுத்தார். முறிந்த ஓரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு கீறல், பிறகு பொட்டென்று ஒடியும். சக்கரமும் அப்படித்தான். கீறல் விழுந்து நாளான பகுதி கறுத்துத் துரு ஏறியிருக்கும். அன்றைக்கு முறிந்த பகுதி வெள்ளி போல மின்னும். பார்க்கத் தெரிந்தவருக்கு அதுவே ஒரு புத்தகம். நெடுநாள் விரிசல் அது, கழுவியவன் கண்ணில் படாமல் இருந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நீ பார்த்தாயா?” என்று கேட்டார். மாமா, “பார்த்தேன்” என்றார்.

அடிப்பார் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாராம். அவர் அடிக்கவில்லை. அந்தச் சக்கரத்தை மாமாவின் கையில் கொடுத்தார். “கொண்டு போ. உன் வீட்டில் மாட்டி வை” என்று மட்டும் சொன்னார். அதுதான், அன்பர்களே, நாங்கள் பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்த சக்கரம்.

மாமா மருத்துவமனைக்கும் போனார். கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மாமாவுக்குப் பதில் வரவில்லை. பால் கொட்டகைக் கதையைக் கோலாலம்பூர்ப் பணக்காரருக்கு எந்த மொழியில் சொல்வது? அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா திரும்பி வந்துவிட்டார்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாராம். ஆனால் ஆறேழு மாதம் கழித்து, லேசாக நொண்டிக்கொண்டு அந்த மனிதர் பட்டறைக்கு வந்தார். வந்தவர் யாரிடமும் பேசாமல் நேராக மாமாவிடம் போய், புதிதாக வாங்கிய ஒரு சக்கரத்தை நீட்டி, “பார்” என்றார். மாமா நகத்தால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்தது. அதையும் பார்த்தார். அன்று முதல் மாமா சாக்கட்டியால் ஒரு குறி போடாமல் எந்தச் சக்கரமும் காரில் ஏறவில்லை. மன்னித்தாரா என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்குற பேச்சா? பாருன்னாரு, பாத்தேன்” என்றார் மாமா.

1973 ஈஸ்டருக்குக் காரை லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு சிங்கப்பூர் போனார்கள். அங்கே தனிப் பந்தயப் பாதை கிடையாது. அப்பர் தாம்சன் சாலையையே மூடிவிட்டு ஓட்டுவார்கள். சுற்று ஒன்றுக்கு மூன்று மைல். விளக்குக் கம்பங்கள், பஸ் நிற்குமிடங்கள், ஓரமெல்லாம் ஆழமான மழைக் கால்வாய். ஒரு மேட்டில் கார்கள் தரையை விட்டே எழும்பும். பாம்பு வளைவு, பேய் வளைவு என்றெல்லாம் வளைவுகளுக்குப் பெயர். 1961-லிருந்து 1973 வரை அங்கே நடந்த பந்தயங்களில் ஏழு பேர் உயிரிழந்திருக்கிறார்கள். 1964-ல் மழை கொட்டியதால் பந்தயத்தையே பாதியில் கைவிட்டார்களாம். ‘மழை பெஞ்சா பால்வெட்டு இல்லாத மாதிரி’ என்று மாமாவின் உவமை.

மாமா அன்று எட்டு சக்கரங்களைக் கழுவி, எட்டையும் தடவிப் பார்த்தார். அதில் ஒன்றை ஒதுக்கி வைத்தார். தலைமை மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. “இருக்கா?” என்றார். “இருக்கு” என்றார் மாமா. அவ்வளவுதான், அந்தச் சக்கரம் லாரிக்குள் போய்விட்டது. உண்மையிலேயே அதில் விரிசல் இருந்ததா? “எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா சொன்னேன் பாரு!” என்று மாமா சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். காருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்து முடித்தது. மாமாவுக்கு அது எத்தனையாவது இடம் என்றுகூட நினைவில்லை.

சிங்கப்பூரில் அந்தச் சாலையில் நடந்த கடைசிப் பந்தயம் அதுதான். அந்த ஆண்டு இறுதியில் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. முதலாளி மகனுக்குக் கல்யாணமாயிற்று. கோஷ்டி தானாகக் கலைந்தது. மாமா சில ஆண்டுகள் அந்தப் பட்டறையிலேயே இருந்துவிட்டு, பெண்டாங்குக்குத் திரும்பி வந்து இந்தத் தகரக் கூரையைப் போட்டார். பத்து தீகா பாதையும் இப்போது இல்லை. சிப்பாங்கில் செம்பனை நிலத்தில் புதுப் பாதை கட்டி 1999-ல் உலகப் பந்தயம் தொடங்கியது. அதுவும் 2017-ஓடு நின்றுவிட்டது.

2005-ல் சிப்பாங்கில் நரேன் கார்த்திகேயன் ஓட்டியதை மாமா பட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர். அவருடைய தந்தையும் ராலி ஓட்டியவர்தான். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்றில், பல ஆண்டுகள் இதே மாதிரி ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியங்கள் ஓட்டியிருக்கிறார்கள். கோவையில் கரிவரதன் என்பவர் இளைஞர்களுக்காகச் சொந்தமாகவே பந்தயக் கார்களைக் கட்டிக் கொடுத்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். இதையெல்லாம் நான் படித்துச் சொன்னபோது மாமா, “அங்கேயும் ஒருத்தன் சக்கரம் கழுவியிருப்பான்” என்றார். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது. “எனக்கு வேலையில்லாத வருஷத்துல வந்து மாட்டிக்கிட்டான் பையன்” என்றும் சொன்னார். அப்போதும் சுவரில் அந்தச் சக்கரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இவ்வளவையும் தீபாவளி இரவு கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது கொஞ்சம் மந்தம். நினைவு மட்டும் கத்தி. முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மேட்டு நிரைக்குப் போனதையா நெனச்சுக்கிட்டிருந்தான்?” என்றார்.

“ஆமாம்மா. உனக்கு வந்த கஷ்டத்தை நெனச்சுத்தான் வாயைத் திறக்கல.”

அம்மா தம்பியைக் கூப்பிட்டார். மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஏன்டா, என்னைக்காச்சும் என்கிட்ட கேட்டியா? அந்த மேட்டு மரமெல்லாம் ரொம்ப நாளா ஒழுங்கா வெட்டாம கிடந்த மரம். பாலு கொட்டுச்சுடா! மங்கு நெறஞ்சு வழிஞ்சுச்சு. எறங்குறதுதான் கஷ்டமே தவிர, கையில காசு கூடத்தான் கெடச்சுது. அந்தக் காசுலதான் இவளுக்குக் காப்பு வாங்குனேன். மூணு மாசத்துல திரும்ப மாத்துனப்ப, எனக்கு வரவே மனசில்ல!”

மாமா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் எதையோ சொல்ல வந்து நின்றது. அம்மா தம்பியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகத்திலிருந்த கரியைத் தன் முந்தானையால் துடைக்கத் தொடங்கினார்.

அன்று மாலை நான் சுங்கை பட்டாணிக்குக் கிளம்பினேன். என்னுடையது மைவி கார். சாவியைப் போடப் போனேன். “இரு புள்ள” என்று மாமா ஸ்பேனரோடு வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். சக்கரத்துக்கு நான்கு நட்டு. ஒன்றை முறுக்கினார். பிறகு அதற்கு நேர் எதிரில் இருந்ததை முறுக்கினார்.